எழுந்து நின்று சொல்லும் சொல்: விசுவாசம்

1544-இல் முத்துக்குளித்துறையிலிருந்து பிரான்சிஸ் சவேரியார் தம் உடன் ஊழியர் பிரான்சிஸ்கோ மன்சிலாசுக்கு அடுத்தடுத்துக் கடிதங்கள் எழுதினார். அவற்றில் ஒன்றில், அன்றாட அலுவல்களுக்கு நடுவே, ஒரு சொல்லைத் திருத்தச் சொல்கிறார். விசுவாசப் பிரமாணத்தின் தமிழ் வடிவத்தில் ‘எனக்கு வேணும்’ என்று வரும் இடத்தில் ‘வேணும்’ என்பதை எடுத்துவிட்டு ‘விசுவாசம்’ என்ற சொல்லை வையுங்கள் என்கிறார். முன்னதற்கு ‘விரும்புகிறேன்’ என்று பொருள், பின்னதற்கே ‘விசுவாசிக்கிறேன்’ என்று பொருள் என்பது அவர் தரும் விளக்கம். தமிழ் அறியாத ஒருவர், இரு மொழியும் ஓரளவு அறிந்த சிலரைக் கூட்டி வைத்துச் செய்த மொழிபெயர்ப்பு அது. அதே ஆண்டு ஜனவரியில் கொச்சியிலிருந்து ஐரோப்பாவுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில், கடற்கரை ஊர்களில் மக்களைக் கூட்டிப் பிரமாணத்தைக் கூறுகூறாகச் சொல்லிக் கொடுத்த முறையை அவர் விவரிக்கிறார். ஒவ்வொரு கூற்றின் முடிவிலும் ‘இதை உறுதியாய் விசுவாசிக்கிறீர்களா’ என்று கேட்பார். மக்கள் கைகளை மார்பின்மேல் குறுக்காக வைத்து உரத்த குரலில் ஆம் என்பார்கள். இரண்டு கடிதங்களையும் சேர்த்துப் படித்தால், அந்தப் பரதவர் ஊர்களில் சிலகாலமேனும் ‘வேணும்’ என்ற சொல்லே விசுவாச அறிக்கையாக ஒலித்திருக்க வேண்டும் என்று தெரிகிறது.

சவேரியாரின் திருத்தம் சரியானது. ஆயினும் அந்தத் தவறும் நம்மைச் சிந்திக்க வைக்கிறது. மார்பில் கை கட்டி நின்ற அந்த மக்கள் எதைச் செய்தார்கள்? சில செய்திகள் உண்மை என்று ஒப்புக்கொண்டார்களா, அல்லது ஒருவரிடம் தங்களை ஒப்படைத்தார்களா? இன்றும் ஞாயிறுதோறும் நாம் எழுந்து நின்று அதே பிரமாணத்தைச் சொல்கிறோம். அப்போது நம் வாய் என்ன சொல்கிறது என்பதற்கு, ஏறக்குறைய 480 ஆண்டுகள் தமிழில் புழங்கிய இந்தச் சொல்லிடமே விடை இருக்கிறது. விசுவாசம் என்பது முதலாவது ஓர் ஆளுக்குக் கொடுக்கும் உறுதி, கருத்துகளுக்குத் தரும் இசைவு அதன் பின்னே வருவது. இதுதான் இக்கட்டுரையின் வாதம். அது சரியென்றால், ஐயத்தோடு ஆலயத்துக்கு வருகிறவரும் வாய் திறந்து பிரமாணம் சொல்லலாம்.

நம் காதுக்கு ‘விசுவாசம்’, ‘நம்பிக்கை’ இரண்டும் ஒன்றுபோல் கேட்கின்றன. அவை வந்த வழிகள் வேறு. ‘நம்பு’ பழந்தமிழ்ச் சொல். தொல்காப்பியத்தின் உரியியல் அதற்குத் தரும் பொருள் இன்றைய வாசகருக்கு வியப்பாயிருக்கும். நம்பு, மேவு என்ற இரண்டும் நசை என்னும் பொருளை உடையவை என்கிறது அந்நூல். நசை என்றால் விருப்பம். தேவாரத்தில் சிவனுக்கு வழங்கும் ‘நம்பன்’ என்ற பெயருக்கு, எல்லோராலும் விரும்பப்படுபவன் என்று உரைகாரர்கள் பொருள் சொல்வது இந்த வழியில்தான். விரும்புதல் என்னும் பொருளிலிருந்து, விரும்பிய ஒன்றைச் சார்ந்திருத்தல், அது வரும் என்று காத்திருத்தல், கடைசியாக அது உண்மை என்று கொள்ளுதல் என்று அச்சொல்லின் பொருள் நகர்ந்திருக்கிறது. சவேரியார் நீக்கச் சொன்ன விருப்பம் தமிழின் நம்பிக்கைக்குள்ளேயே முன்பே குடியிருந்தது. மொழிபெயர்ப்பாளர்கள் அதை அறிந்து ‘வேணும்’ என்று போட்டார்கள் என்று சொல்ல வழியில்லை. ஆனால் ஒருவரை நம்புவதில் அவரை விரும்புவதும் கலந்திருக்கிறது என்று தமிழ் வெகுகாலமாக அறிந்திருந்தது. விருப்பம் மட்டும் போதாது என்பதால் சவேரியார் திருத்தினார். கடவுள் தரும் நன்மையை விரும்புகிறவர் கடவுளையே விரும்புகிறார் என்பதற்கு உறுதியில்லை அல்லவா?

‘விசுவாசம்’ வடமொழியிலிருந்து வந்தது. ‘வி’ என்ற முன்னொட்டும், சுவாசம் என்பதில் உள்ள மூச்சுவிடும் வினையும் சேர்ந்தது அது. அச்சமின்றித் தாராளமாக மூச்சுவிடுதல், அதனால் ஒருவரிடம் மனம் பொருந்தியிருத்தல் என்பது அதன் பழம்பொருள். தமிழுக்கு வந்தபின் அது வேறொரு பக்கம் சாய்ந்தது. நம் ஊரில் ஒரு வேலையாளை விசுவாசமானவர் என்றால், முதலாளியைப் பற்றி அவருக்கு உயர்ந்த கருத்து உண்டு என்று யாரும் பொருள் கொள்வதில்லை. அவர் கைவிடமாட்டார், காட்டிக்கொடுக்கமாட்டார் என்றே கொள்வார்கள். ராஜ விசுவாசம், கட்சி விசுவாசி, நன்றி விசுவாசம் என்ற தொடர்களெல்லாம் இதே பொருளில் நிற்கின்றன. ஒரு சொல்லின் பொருளை அறிய அதன் எதிர்ச்சொல்லைக் கேட்பது நல்ல வழி. நம்பிக்கைக்கு எதிர் சந்தேகம். தமிழர் பேச்சில் விசுவாசத்துக்கு எதிர் துரோகம். சந்தேகப்படுகிறவரை யாரும் விசுவாசமற்றவர் என்று திட்டுவதில்லை. நெருக்கடியில் விட்டுப் போனவரைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

இங்கே ஒரு தடை எழும். சொல்லின் வேரைத் தோண்டி இறையியல் கட்டலாமா? ஜேம்ஸ் பார் 1961-இல் வெளியிட்ட விவிலியச் சொற்பொருளியல் நூல் இந்தப் பழக்கத்தைக் கடுமையாக எதிர்த்தது. எபிரெயச் சொல் ஒன்றின் வேருக்கு ‘உறுதி’ என்று பொருள் இருப்பதால், அது வரும் இடமெல்லாம் உறுதி என்றே பொருள் என்று வாதிட்டவர்களை அவர் பெயர் சொல்லியே மறுத்தார். அவர் சொன்னது நியாயம். ‘விசுவாசிக்கிறேன்’ என்று பொருள்படும் இலத்தீன் ‘கிரேதோ’வும் நம் ‘சிரத்தை’யும் ஒரே மூலத்திலிருந்து பிறந்தவை என்பது மொழிநூலார் பரவலாக ஏற்கும் கருத்து. அதைக் கொண்டு, பிரமாணம் சொல்லும்போது நாம் சிரத்தையாயிருப்பதாக அறிக்கையிடுகிறோம் என்று பிரசங்கித்தால் அது தவறாகும். வில்ஃபிரட் கான்ட்வெல் ஸ்மித் 1979-இல் எழுதிய நூலில், ‘கிரேதோ’ என்பதற்கு ஆதியில் ‘என் இதயத்தை வைக்கிறேன்’ என்ற பொருள் இருந்தது என்று அழகாக வாதிட்டார். எனக்கு அந்த முடிவு பிடிக்கும். ஆனால் அதை வேரின்மேல் மட்டும் நிறுத்த முடியாது. ஆகவே மூச்சையும் இதயத்தையும் இங்கே விட்டுவிடுகிறேன். சொல் எந்தச் சூழலில் வருகிறது, யாரைச் செயப்படுபொருளாகக் கொள்கிறது, எதற்கு எதிராக நிற்கிறது என்பவற்றையே சான்றாகக் கொள்கிறேன். துரோகம் என்ற எதிர்ச்சொல் வேரிலிருந்து வந்த செய்தியல்ல, வழக்கிலிருந்து வந்தது.

பார் எச்சரித்த அந்த எபிரெயச் சொல்லையே வழக்கைக் கொண்டு பார்ப்போம். ‘எமுனா’ என்ற சொல் வேதாகமத்தில் முதலில் வரும் இடம் யாத்திராகமம் 17-ஆம் அதிகாரம். அமலேக்கியரோடு போர் நடக்கிறது. மோசேயின் கைகள் தளர்கின்றன. அவரை ஒரு கல்லின்மேல் உட்காரவைத்து, ஆரோனும் ஊர் என்பவரும் இருபுறமும் நின்று கைகளைத் தாங்குகிறார்கள். பொழுது சாயும்வரை அந்தக் கைகள் அசையாமல் நின்றதைச் சொல்லத்தான் அங்கே ‘எமுனா’ வருகிறது. கருத்து, இசைவு எதுவும் அந்த வசனத்தில் இல்லை. இரண்டு கைகள் கீழே விழாமல் இருந்தன, அவ்வளவுதான். இதே சொல்தான் ஆபகூக் 2:4-இல் நீதிமான் எதனால் பிழைப்பான் என்று சொல்லுமிடத்தில் வருகிறது. பவுல் அதை ரோமருக்கும் கலாத்தியருக்கும் எழுதிய நிருபங்களில் கிரேக்கத்தில் எடுத்தாளும்போது ‘பிஸ்திஸ்’ ஆகிறது. அந்தக் கிரேக்கச் சொல்லும் நம் விசுவாசத்தைப் போலவே இரு பக்கமும் பார்ப்பது. ஒருவரை நம்புவதும் பிஸ்திஸ், நம்பத்தக்கவராக நிலைத்திருப்பதும் பிஸ்திஸ். கலாத்தியர் 5:22-இல் ஆவியின் கனிகளுள் ஒன்றாக அது வரும்போது, அன்பு, பொறுமை, சாந்தம் என்ற குணங்களின் வரிசையில் நிற்கிறது. அங்கே அதற்குப் பொருள் நம்பகமாயிருத்தல் என்பதே பெரும்பாலான உரையாளர் முடிவு. நம் பழைய மொழிபெயர்ப்பு அந்த இடத்தில் ‘விசுவாசம்’ என்று போட்டிருக்கிறது. வேறெந்த இந்தியச் சொல்லும் இவ்வளவு இயல்பாக அந்த இடத்தில் பொருந்தியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பிரமாணத்தின் இலக்கணத்துக்கு வருவோம். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் வலுவான சான்று. மூன்று வகையாக நம்பலாம் என்று மேற்குத் திருச்சபை வெகுகாலமாகச் சொல்லி வந்தது. அகுஸ்தீன் அந்த வேறுபாட்டைத் தொடங்கிவைக்க, பின்னாளில் தாமஸ் அக்குவினாஸ் வகுத்துரைத்தார். கடவுள் உண்டென்று நம்புவது ஒன்று. கடவுள் சொன்னதை நம்புவது இன்னொன்று. கடவுளை நம்பிச் சென்று அவரைச் சேர்ந்துகொள்வது மூன்றாவது. முதலிரண்டையும் பிசாசுகளும் செய்யும் என்று யாக்கோபின் நிருபத்தைக் காட்டிச் சொல்வார்கள். கி.பி. 400-ஐ ஒட்டிப் பிரமாணத்துக்கு உரை எழுதிய ரூஃபினுஸ், இலத்தீனில் பிதா, குமாரன், ஆவி மூவருக்கும் முன்னால் மட்டுமே ‘இன்’ என்ற சிற்றிடைச்சொல் வருவதையும், சபை, பாவமன்னிப்பு ஆகியவற்றுக்கு முன் அது வராததையும் சுட்டிக்காட்டினார். அந்த ஒரு சிறு சொல் படைத்தவரையும் படைக்கப்பட்டவற்றையும் பிரிக்கிறது என்பது அவர் கருத்து. தமிழில் அப்படி ஒரு முன்னிடைச்சொல் கிடையாது. ஆனாலும் சீர்திருத்தச் சபைகள் வழங்கும் தமிழ்ப் பிரமாணம் அந்த வேறுபாட்டை வேறு வழியில் காப்பாற்றிவிட்டது. பிதாவாகிய தேவனை, இயேசு கிறிஸ்துவை, பரிசுத்த ஆவியை என்று மூவரும் இரண்டாம் வேற்றுமையில் வருகிறார்கள். சபை, ஐக்கியம், பாவமன்னிப்பு, உயிர்த்தெழுதல், நித்திய ஜீவன் என்ற இடத்துக்கு வந்ததும் ‘உண்டென்று’ என்ற சொல் நுழைந்துவிடுகிறது. ஆட்களை விசுவாசிக்கிறோம், மற்றவை உண்டென்று விசுவாசிக்கிறோம். தரங்கம்பாடி தொடங்கித் திருநெல்வேலி வரை தலைமுறைகள் சொல்லிச் சொல்லி நாவில் பழகிய இந்த இலக்கணத்தை நாம் கவனிப்பதேயில்லை. தேவன் உண்டென்று விசுவாசிக்கிறேன் என்று நம் பிரமாணம் ஓரிடத்திலும் சொல்லவில்லை. தேவனை விசுவாசிக்கிறேன் என்கிறது.

‘பிரமாணம்’ என்ற பின்பாதியும் கவனத்துக்குரியது. தருக்க நூல்களில் அது அறிவுக்கு அளவுகோல். வழக்கில் அது ஆணை. பதவிப் பிரமாணம், சத்தியப் பிரமாணம், நீதிமன்றத்தில் கொடுக்கும் பிரமாணப் பத்திரம் என்று அன்றாடம் கேட்கிறோம். விசுவாசத்தின் அளவுகோல் என்ற பொருளில்தான் ‘விசுவாசப் பிரமாணம்’ என்ற தொடர் அமைந்திருக்க வேண்டும். ஆனால் எழுந்து நின்று அதைச் சொல்லும் சபையின் காதில் ஆணை என்ற பொருளும் சேர்ந்தே விழுகிறது. அப்படி விழுவது பிழையுமல்ல. பிரமாணம் பிறந்த இடம் திருமுழுக்கு. பழைய சபையில் தண்ணீருக்குள் நிற்பவரிடம் பிதாவை விசுவாசிக்கிறாயா, குமாரனை விசுவாசிக்கிறாயா, ஆவியை விசுவாசிக்கிறாயா என்று மூன்று முறை கேட்டு, மூன்று முறை முழுக்குவார்கள். நான்காம் நூற்றாண்டு எருசலேமில் நடந்ததைச் சிரிலின் பெயரால் வழங்கும் உபதேசங்கள் விரிவாகக் கூறுகின்றன. முழுக்குப் பெறுபவர் மேற்குமுகமாய் நின்று, கையை நீட்டிச் சாத்தானை மறுதலிப்பார். பிறகு கிழக்கே திரும்பிப் பிதா, குமாரன், ஆவியை விசுவாசிப்பதாகச் சொல்வார். ஒரு தலைவனை விட்டு இன்னொரு தலைவனிடம் சேருவதை உடலாலேயே காட்டும் சடங்கு அது. இன்றும் நம் திருமுழுக்கு முறைமையில் மறுதலித்தல் முன்னும் விசுவாச அறிக்கை பின்னுமாக வருவது இந்த வரிசைதான். மறுதலித்தலுக்கு இணையாக நிற்கத் தகுந்த சொல் ஒப்புக்கொள்ளுதல் அல்ல, சேர்ந்துகொள்ளுதல்.

இனி தோமாவைப் பார்ப்போம். தமிழ்நாட்டார் தங்கள் ஊரார் என்று உரிமை கொண்டாடும் சீடர் அவர். மயிலாப்பூரும் பரங்கிமலையும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன. ஆனால் நம் பிரசங்கங்களில் அவர் சந்தேகத் தோமா. யோவான் நற்செய்தி அவரை முதன்முதலாகப் பேசவைக்கும் இடம் 20-ஆம் அதிகாரம் அல்ல, 11-ஆம் அதிகாரம். லாசரு இறந்த செய்தி வந்து இயேசு மறுபடி யூதேயாவுக்குப் புறப்படுகிறார். அங்கே கல்லெறியக் காத்திருக்கிறார்களே என்று மற்றவர்கள் தயங்குகிறார்கள். நாமும் போய் அவரோடேகூட மடிவோம் என்ற கருத்தில் பேசுகிறவர் தோமா ஒருவர்தான். உயிர்த்தெழுதலைப் பற்றி அவருக்கு அப்போது ஒரு கருத்தும் இல்லை. போனால் சாவு என்றே கணக்குப் போடுகிறார். இருந்தும் போகிறார். நம் ஊர்ப்பேச்சின்படி விசுவாசம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு சுவிசேஷங்களில் அரிது. 20-ஆம் அதிகாரத்தில் அவர் கேட்டதும் ஒரு கருத்துக்கான நிரூபணம் மட்டுமல்ல. அந்தக் கைகள், அந்த விலா என்று அதே ஆளைக் கேட்கிறார். வேறொருவரை ஏற்க மறுத்த பிடிவாதத்தில் விசுவாசம் இல்லையென்று எப்படிச் சொல்வது? இயேசு அவரை அவிசுவாசியாயிருக்க வேண்டாம் என்று கடிந்துகொண்டது உண்மை. அதை மழுப்ப நான் விரும்பவில்லை. ஆனால் அந்தக் கடிதலுக்கு முன்பே, எட்டு நாள் கழிந்தும் தோமா மற்றச் சீடர்களோடு வீட்டுக்குள் இருந்தார் என்பதையும் யோவான் எழுதியிருக்கிறார். ஐயம் தீராதபோதும் அவர் கூட்டத்தை விட்டுப் போகவில்லை. கூட்டமும் அவரை வெளியே அனுப்பவில்லை.

மாற்கு 9-ஆம் அதிகாரத்தில் மகனைக் கொண்டுவந்த தகப்பன் ஒரே மூச்சில் விசுவாசிக்கிறேன் என்றும், என் அவிசுவாசத்துக்கு உதவும் என்றும் கதறுகிறார். விசுவாசம் என்பது கருத்து மட்டுமே என்றால் அவர் முன்னுக்குப்பின் முரணாகப் பேசுகிறார். ஆளைப் பற்றிக்கொள்வது என்றால் அதில் முரண் இல்லை. பற்றிய கை நடுங்குகிறது என்று பற்றப்பட்டவரிடமே முறையிடுகிறார். படகு ஆடும்போது இயேசு சீடர்களை ‘அற்பவிசுவாசிகளே’ என்று அழைப்பதும் அவர்கள் பயந்ததற்காகத்தான், உபதேசத்தில் பிழை செய்ததற்காக அல்ல.

இதுவரை சொன்னதற்கு வலுவான எதிர்வாதம் ஒன்று தமிழிலிருந்தே வரும். விசுவாசம் வடசொல், அதுவும் கிறிஸ்தவரின் தனி வழக்காகச் சுருங்கிவிட்ட சொல், நல்ல தமிழ்ச்சொல் இருக்க இது எதற்கு என்பது அந்த வாதம். திண்டிவனத்திலிருந்து 1995-இல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு அந்த முடிவையே எடுத்தது. விசுவாசம் ‘நம்பிக்கை’ ஆயிற்று. கத்தோலிக்கர் முன்பு ‘விசுவசிக்கிறேன்’ என்று சொல்லிவந்த பிரமாணம் ‘நம்புகிறேன்’ என்னும் நம்பிக்கை அறிக்கையாயிற்று. பாமரரும் அயலாரும் கேட்டவுடன் புரிந்துகொள்ளும் தமிழ் அது. அதன் நன்மையை மறுக்க மாட்டேன். ஆனால் அந்த மாற்றத்துக்கு ஒரு விலை இருந்தது. ‘நம்பிக்கை’ காலியாயிருந்த இடமல்ல. பழைய மொழிபெயர்ப்பில் அது ‘எல்பிஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு, வரவிருப்பதற்காகக் காத்திருத்தலுக்கு, உரியதாக இருந்தது. கத்தோலிக்க மந்திரங்களிலும் விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என்ற மூன்றில் அது இரண்டாவது. அது முதலிடத்துக்கு நகர்ந்ததும் இரண்டாம் இடத்துக்குப் புதுச்சொல் தேவைப்பட்டது, ‘எதிர்நோக்கு’ வந்தது. 2025-ஆம் ஆண்டு யூபிலியில் அச்சொல் ஆலயம்தோறும் ஒலித்தது என்றாலும், மருத்துவமனை வாசலில் நிற்கும் ஒருவர் இன்னும் நம்பிக்கை இருக்கிறது என்றுதான் சொல்கிறார், எதிர்நோக்கு இருக்கிறது என்று சொல்வதில்லை. இந்த நகர்வால் இரு மொழிபெயர்ப்புகளையும் மாறிமாறிக் கேட்கும் வீடுகளில் ஒரு குழப்பம் நிகழ்கிறது. பழைய மொழிபெயர்ப்பில் ரோமர் 8:24-ஐ வாசிக்கும்போது நம்பிக்கையினால் இரட்சிப்பு என்று காதில் விழுகிறது. பவுல் அங்கே பேசுவது விசுவாசத்தைப் பற்றியல்ல, காத்திருத்தலைப் பற்றி. எபிரெயர் 11:1-இல் ‘நம்பப்படுகிறவை’ என்று வருவதும் அப்படித்தான். உண்மையென்று கொள்ளப்படுபவை என்று இன்றைய வாசகர் பொருள் கொள்கிறார். எழுதியவர் சொன்னது எதிர்பார்க்கப்படுபவை. நம்பு என்பதன் பழைய நசைப் பொருளைத் தெரிந்தவருக்கே அந்த வசனம் நேராகத் திறக்கும்.

நம்பிக்கை என்ற சொல்லே விசுவாசத்தின் உறுதிப் பொருளைத் தாங்காதா என்று கேட்கலாம். ஓரளவு தாங்கும். ‘நம்பிக்கைக்குரிய’ என்று ஒட்டுச் சேர்த்தால் மத்தேயு 25-இல் எஜமானன் பாராட்டும் ஊழியக்காரனுக்குப் பொருந்திவிடுகிறது. புதிய மொழிபெயர்ப்பும் அப்படித்தான் செய்திருக்கிறது. ‘நம்பியிருத்தல்’ என்றால் ஆளைச் சார்ந்திருப்பது நன்றாகவே விளங்குகிறது. ‘உன்னை நம்பித்தான் வந்தேன்’ என்று சொல்கிறவர் கருத்துச் சொல்லவில்லை, தம்மை ஒப்படைக்கிறார். ஆனால் கலாத்தியர் 5:22-இன் குணவரிசையில் ‘நம்பிக்கை’ என்று தனியே நின்றால் அது நன்னம்பிக்கை, தன்னம்பிக்கை என்ற பக்கமே சாய்கிறது. ஆகவே சொல்லை மாற்றியவர்கள் தவறு செய்தார்கள் என்பது என் முடிவல்ல. அந்தச் சொல்லில் இல்லாத பாதியைப் பிரசங்கம் சுமக்க வேண்டியிருக்கிறது என்பதே முடிவு.

இன்னொரு தடை இதைவிட ஆழமானது, அதை எளிதில் கடந்துபோக முடியாது. விசுவாசம் என்ற சொல்லின் ஊர்ப்பொருள் பண்ணை வீட்டுத் திண்ணையில் வளர்ந்தது. கீழே இருப்பவரிடம் மேலே இருப்பவர் எதிர்பார்த்த குணம் அது. நாயின் விசுவாசம், பண்ணையாளின் விசுவாசம் என்று ஒரே வாயால் சொல்லிப் பழகிய சமூகம் நம்முடையது. பண்ணையார் விசுவாசமாயிருந்தார் என்று யாரும் சொன்னதில்லை. அந்தத் திண்ணைக்குக் கீழே தலைமுறைகளாக நிறுத்தப்பட்டவர்கள் நம் சபைகளில் பெருந்தொகையினர். அவர்களிடம் போய் உங்கள் விசுவாசத்தைத் தேவனிடம் காட்டுங்கள் என்று சொன்னால், பழைய நுகத்துக்குப் புதிய பெயர் வைத்ததாகாதா? ஆகும், வேதாகமத்தின் மறுபாதியை மறைத்தால். கிரேக்கத்தில் பிஸ்திஸ் இரு திசையிலும் ஓடும் சொல். ரோமர் 3:3-இல் பவுல் தேவனுடைய பிஸ்திஸைப் பற்றியே பேசுகிறார். மனிதர் தவறினாலும் தேவன் தம் பக்கத்து உறுதியை விடமாட்டார் என்பது அங்கே பொருள். நம் பழைய மொழிபெயர்ப்பு அந்த இடத்தில் ‘உண்மை’ என்று போட்டது. அதனால் மனிதர் தேவனுக்குக் காட்டுவது விசுவாசம், தேவன் மனிதருக்குக் காட்டுவது உண்மை என்று ஒரே சொல் இரண்டாகப் பிளந்துவிட்டது. ‘உண்மை’ பிழையான சொல்லல்ல. ஆனால் அந்தப் பிளவினால், தேவன் நம்மிடம் விசுவாசமாயிருக்கிறார் என்ற வாக்கியத்தைத் தமிழ்ச் சபை கேட்டதேயில்லை. அதை ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்த்தால் அதன் கனம் தெரியும். கீழே இருப்பவரிடம் எதிர்பார்க்கப்பட்ட குணத்தை மேலே இருப்பவர் தாமே ஏற்றுக்கொண்டார் என்பதுதான் சிலுவையைப் பற்றிய செய்தி. விசுவாசம் என்ற சொல்லின் அடிமைக் கறையைக் கழுவ அந்தச் சொல்லை ஒழிக்கத் தேவையில்லை, அதன் எழுவாயாகத் தேவனை வைத்தால் போதும்.

விசுவாசத்தை உறுதி என்று சொன்னால் அது கிரியையாகிவிடாதா என்று லூத்தரன் சபையார் கேட்பார்கள். நம் உறுதியால் நமக்கு இரட்சிப்பு என்றாகிவிடுமே! லூத்தரோ தம் பெரிய உபதேச நூலில் முதல் கற்பனையை விளக்கும்போது, உன் இருதயம் எதில் தொங்குகிறதோ அதுவே உன் தேவன் என்ற கருத்தில்தான் விசுவாசத்தை விளக்குகிறார். தொங்குகிறவர் தம் கை வலிமையைப் பெருமை பேசுவதில்லை. மோசேயின் கைகளும் தம் பலத்தால் நிற்கவில்லை.

இதெல்லாம் சபைக்கு எதற்கு? ‘விசுவாசி’ என்ற சொல் இன்று நம்மிடையே உறுப்பினர் அடையாளமாகிவிட்டது. சில சபைகளில் ஊழியக்காரர் ஒரு பக்கம், விசுவாசிகள் மறுபக்கம். திருமண விளம்பரங்களில் அது ஒரு தகுதி. ஒருவர் உள்ளேயா வெளியேயா என்று பிரிக்கும் வேலிக் கம்பியாக அச்சொல்லை நட்டுவிட்டோம். அந்த வேலிக்குள் நிற்கும் இளைஞர் ஒருவருக்குக் கன்னிப் பிறப்பிலோ உயிர்த்தெழுதலிலோ ஐயம் எழுந்தால், பிரமாணத்தின்போது வாயை மூடிக்கொள்வதே நேர்மை என்று நினைக்கிறார். அவருடைய நேர்மையை மதிக்கிறேன். ஆனாலும் அவர் வாய் திறந்து சொல்ல வேண்டும் என்பதே என் வேண்டுகோள். ஐயம் பொருட்டல்ல என்பதால் அல்ல. உயிர்த்தெழுதல் நடக்கவில்லையென்றால் பற்றிக்கொள்ள ஓர் ஆளே இல்லை, கருத்துகளும் இன்றியமையாதவையே. ஆனால் பிரமாணத்தின் முதல் வினை அவரிடம் கேட்பது, இன்று காலை எத்தனை கூற்றுகளுக்கு அவர் மனம் இசைந்தது என்ற கணக்கை அல்ல. யாரோடு நிற்கிறீர் என்பதை. பக்கத்தில் நிற்பவர்கள் உரக்கச் சொல்வதும் அதற்காகத்தான். ஆரோனும் ஊரும் இல்லாத குன்றில் எவர் கையும் மாலைவரை நிற்காது.

ஒரு நடைமுறை யோசனை. ஆண்டுதோறும் ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்புக்காக மன்றாடும் வாரத்தில் கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து வழிபடும் ஊர்கள் உண்டு. அங்கே எபிரெயர் 11-ஐ வாசிக்க நேர்ந்தால் இரண்டு மொழிபெயர்ப்புகளையும் அடுத்தடுத்து வாசிக்கலாம். நம்பிக்கை, எதிர்நோக்கு, விசுவாசம் மூன்றும் எந்த இடத்தில் எதற்கு நிற்கின்றன என்று வாசிப்பவர் இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டுத் தொடங்கலாம். பிறகு பிரமாணம் சொல்லும்போது ஒரு பாதியினர் ‘நம்புகிறேன்’ என்றும் மறுபாதியினர் ‘விசுவாசிக்கிறேன்’ என்றும் சொல்லட்டும். அதை ஒரே சொல்லாக்க யாரும் முயல வேண்டாம். ஒன்றில் விருப்பமும் சார்பும் கேட்கும், மற்றதில் கைவிடாமை கேட்கும். இரண்டுக்கும் முன்னால் நிற்கும் பெயர் ஒன்றே, இரண்டாம் வேற்றுமையில்.